நோயும் ஒழுங்கு நடவடிக்கையும்

மனநோய் அலுவலகக் கோப்புகளில் பெரும்பாலும் நடத்தைக் கோளாறாகவே பதிவாகிறது என்பதை, ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் கொண்ட மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த வழக்கு காட்டுகிறது. குற்றஞ்சாட்டப்பட்ட நடத்தைக்கு நோயே முழுக் காரணம் என ஊழியர் நிறுவ வேண்டியதில்லை, காரணங்களுள் ஒன்றாக இருந்தாலே போதும் என்றது தீர்ப்பு. நோயையும் சுபாவத்தையும் கோடு கிழித்துப் பிரிப்பது மருத்துவருக்கே அரிது என்கையில், இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைப்பது கடினம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் குறைபாடு உற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ தடை விதித்து, பழைய பணிக்குப் பொருந்தாவிடில் அவரை அதே ஊதியத்தில் பொருத்தமான வேறு பணிக்கு மாற்றச் சொல்கிறது. அவ்வாறு மாற்றும்போது துப்பாக்கியைப் பொறுப்பில் தராமலிருக்கலாம் என்று நீதிமன்றம் சுட்டியது, ஆளை விலக்காமல் வேலையை ஆளுக்கேற்பத் திருத்தும் ‘நியாயமான தகவமைப்பு’க்கு எடுத்துக்காட்டு. இந்தப் பணிக்காப்போ அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது.