தாத்தாவின் சிறுநீரகமும் எங்க மெட்டலர்ஜி லேபும்

மெட்டலர்ஜி லேப் ஞாபகம் இருக்கா? எஃகுத் துண்டை வெட்டி, எமரி பேப்பரில் தேய்த்து, பாலிஷ் போட்டு, நைட்டால் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போமே! வெளியே ஒரே மாதிரி இருக்கும் ரெண்டு துண்டுகள் உள்ளே வேற வேறயா இருக்கும். எனக்கு அந்தப் பாடம் நிஜமாகப் புரிந்தது போன செமஸ்டர் லீவில், ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில்.

தாத்தாவுக்கு 74 வயசு. 15 வருஷமா சர்க்கரை. திடீர்னு கால் வீங்குச்சு, சோறு இறங்கல. 1.3 இருந்த கிரியேட்டினின் மூணே வாரத்தில் 3.9. “சுகர் கிட்னியைத் தின்னுடுச்சு, வயசாச்சுல்ல” என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

சிறுநீரக டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. “சர்க்கரையால கிட்னி கெட வருஷக்கணக்காகும். இவ்வளவு வேகமா ஏறாது. யூரின்ல ரத்த அணுக்களும் இருக்கு. பயாப்சி பண்ணாத்தான் தெரியும்.”

“இந்த வயசுல கிட்னியில ஊசி குத்தணுமா?” என்று அத்தை அழுதார். உண்மையைச் சொல்கிறேன், நானும் அத்தை பக்கம்தான். ரெண்டு மணி நேரம் நாங்களே பேசினோம். தாத்தாவை யாருமே கேட்கல. கடைசியில் அவரே கேட்டார்: “குத்தினா என்னன்னு தெரியுமா? அப்ப குத்தச் சொல்லுங்கப்பா.”

பிபி, ரத்தம் உறையும் தன்மை எல்லாம் சரிபார்த்தார்கள். குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ஸ்பிரிங் ஊசியால் ரெண்டு துணுக்குகள் எடுத்தார்கள். சேமியாத் துண்டு அளவுதான். ரத்தக்கசிவு வரலாம் என்பதால் மறுநாள் வரை படுக்கை. ராத்திரி சிறுநீர் லேசாகச் சிவந்ததும் நான் நர்ஸம்மாவைத் தேடி ஓடினேன். காலையில் தெளிந்துவிட்டது.

ரிசல்ட்டில் சர்க்கரை பாதிப்பு கொஞ்சம்தான். உண்மையான காரணம் ரத்தக்குழாய் அழற்சி. உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளைத் தாக்கியிருந்தது. அந்த வடிகட்டிகளுக்குள் பிறை வடிவத்தில் செல்கள் குவிந்திருந்தன. ஆன்கா என்ற ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. இது சீக்கிரம் பிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும் நோய். உடனே ஸ்டீராய்டும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் ஆரம்பித்தார்கள். இன்றைக்குக் கிரியேட்டினின் 2.1. முழுசா சரியாகல, ஆனா டயாலிசிஸ் இல்லை.

எல்லாத் தாத்தா பாட்டிக்கும் பயாப்சி வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சிறுநீரகம் ரொம்பச் சுருங்கியிருந்தாலோ, ரத்தம் சரியா உறையாவிட்டாலோ டாக்டர்களே பெரும்பாலும் தவிர்ப்பார்கள். நீங்கள் டாக்டரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “ரிசல்ட்டை வச்சு வைத்தியம் மாறுமா?” அப்புறம் மறக்காமல் தாத்தாவையும் கேளுங்கள். “வயசாச்சு” என்பது ஒரு நோயின் பெயர் இல்லை.