செவ்வாய்க்கிழமைக் கிஸ்தி

வங்கதேசக் கிராமம் ஒன்றில் வங்கித் தொழில் பழகப் போனாள் ஒரு மாணவி. அவளுடைய வினாத்தாளில் ஒரு கேள்வி குறைந்தது.

காலை எட்டரை மணி. தகரக் கூரை போட்ட கொட்டகையில் முப்பது பெண்கள் வரிசைக்கு ஐந்து பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பாஸ்புக். அதற்குள் மடித்து வைத்த டாக்கா நோட்டுகள். சைக்கிளில் வந்து இறங்கிய இளம் அலுவலர் பேரேட்டைத் திறந்து, ‘‘கிஸ்தி’’ என்கிறார்.

அந்தச் சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கட்டபொம்மன் கதை கேட்டு வளர்ந்த யாருக்குத்தான் தேவைப்படும்? தமிழில் அது பழங்கதையாகிவிட்டது. இங்கே வாரத் தவணைக்கு அதுதான் பெயர்.

2019 ஜனவரியில் நான் டாங்காயில் மாவட்டத்துக்குப் போனதற்குக் காரணம் என் சிநேகிதியின் மகள். கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், எம்.பி.ஏ. மாணவி. படிப்பின் ஒரு பகுதியாக எட்டு வார வங்கிப் பயிற்சி. உடன் படித்தவர்கள் மும்பையின் பெரிய வங்கிகளைத் தேடிப் போக, இவள் எல்லை தாண்டிச் சிறுகடன் நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கொல்கத்தா வங்காளம் சரளமாக வரும். கிராமத்துப் பேச்சு பிடிபடுமோ என்று பயம். ‘‘அத்தை, நீங்களும் பத்து நாள் வாங்களேன்’’ என்றாள். வங்கக் கதைகளை மொழிபெயர்த்துப் பிழைப்பவளுக்கு அந்த அழைப்பு கசக்குமா?

மைத்ரி எக்ஸ்பிரஸில் போனோம். 2008-ல் ஓடத் தொடங்கி, 2024 ஜூலையில் நிறுத்தப்பட்ட ரயில். தர்ஷனா எல்லையைக் கடந்து, 1915-ல் திறக்கப்பட்ட ஹார்டிஞ்ச் பாலத்தின் மீது பத்மாவைத் தாண்டி, பிறகு யமுனாவையும் தாண்டி, மாலையில் டாக்கா. மறுநாள் பஸ்ஸில் டாங்காயில். வழியெல்லாம் கடுகுப் பூவின் மஞ்சள்.

சிறுகடன் வரலாற்றில் டாங்காயிலுக்கு இடம் உண்டு. 1976-ல் சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ், ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு 856 டாக்கா கொடுத்தார். அன்றைய மதிப்பில் 27 டாலர். 1979-ல் அந்தச் சோதனை டாங்காயிலுக்கு விரிந்தது. 1983-ல் கிராமீன் வங்கியானது. 2006-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. 2024 ஆகஸ்டில் யூனுஸ் நாட்டின் இடைக்கால அரசுக்கே தலைமை ஏற்றார். அடகு கேட்காத கடன், ஐந்து பேர் கொண்ட குழு, வாரத் தவணை என்ற அந்த வழியில் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் முளைத்தன. மாணவி சேர்ந்ததும் அவற்றில் ஒன்றில்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் பணத்தை இரண்டு முறை எண்ணினார். கட்ட வேண்டியது 750 டாக்கா. கையில் இருந்தது 450. அலுவலர் அதட்டவில்லை. பேனாவை மட்டும் கீழே வைத்தார். அந்தப் பெண் எழுந்து வெளியே போனார். கொட்டகையில் யாரும் பேசவில்லை. பத்து நிமிடத்தில் மீதி 300-உடன் திரும்பினார். பேரேட்டில் பதிவானது: வசூல் நூறு சதவீதம்.

மதியம் அவர் வீட்டுக்குப் போனோம். கணவர் தறியில் இருந்தார். டாங்காயில் சேலைக்குப் பேர்போன ஊர். ஆனால் சேலையை வாங்கிப்போன மகாஜன் இரண்டு வாரமாகப் பணம் தரவில்லை. பொரியும் டீயும் வந்தன. மாணவியின் வினாத்தாளில் 24 கேள்விகள். எல்லாம் முடிந்த பிறகு, தாளை மடித்துக்கொண்டே, ‘‘அந்த 300 எங்கிருந்து வந்தது, தீதி?’’ என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டில் வாங்கியது. அவர்களுக்குத் திருப்பித் தர வேறொரு நிறுவனத்தில் கடன் எழுதியாகிவிட்டது. அதன் கிஸ்தி வியாழக்கிழமை. அவகாசம் கேட்டிருக்கலாமே என்றதற்கு ஒரே வார்த்தை: ‘‘லஜ்ஜா.’’ அதற்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

‘‘அப்படியானால் கடன் வாங்கியதே தப்பா?’’

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டாவது தறியைக் காட்டினார். முதல் கடனில் வாங்கியது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். ‘‘மகாஜன் என் பெயரைக் கேட்டதே இல்லை. இந்தப் புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது’’ என்று பாஸ்புக்கை நீட்டினார்.

இரவு மாணவி அறிக்கையோடு உட்கார்ந்திருந்தாள். ‘‘அத்தை, நூறு சதவீதம் என்பது பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் எழுதினால்?’’ என்றாள்.

அவள் கேள்வி புதிதல்ல. 1998 வெள்ளத்துக்குப் பிறகு தவணைகள் தேங்கியபோது கிராமீன் வங்கியே விதிகளை மாற்றியது. திணறுபவர்கள் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்க வழி வைத்தது. ஆந்திரத்தில் தற்கொலைகளைத் தொடர்ந்து 2010-ல் சிறுகடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் வந்தது. 2025-ல் தமிழ்நாடும் கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. ஆனால் அன்று அந்தக் கொட்டகையில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த மௌனத்தை எந்தச் சட்டம் பிடிக்கும்?

மறுநாள் வினாத்தாளில் 25-வது கேள்வியைக் கையால் எழுதிச் சேர்த்தாள்: ‘இந்த வாரக் கிஸ்திப் பணம் எங்கிருந்து வந்தது?’

நான் ஊர் திரும்பிய பிறகும் வீடு வீடாக அதைக் கேட்டிருக்கிறாள். பால் விற்றது, முட்டை விற்றது, மகன் டாக்காவிலிருந்து அனுப்பியது, கடன் வாங்கியது என்று பதில்கள். அறிக்கையை முதலில் அந்த சைக்கிள் அலுவலரிடம்தான் காட்டினாளாம். வெகு நேரம் படித்துவிட்டு, ‘‘என் அம்மாவும் கிஸ்தி கட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார். நான் அவரிடம் இதைக் கேட்டதில்லை’’ என்றாராம்.

இப்போது அவள் பெங்களூரில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருக்கிறாள். அங்கே படிவத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. வாயால் கேட்டுக்கொள்கிறாள்.