திருகல் நோயும் 198ஆம் இடமும்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தில் திருகல் நோய் விழுந்தால் தாள் முறுக்கிக்கொண்டு வெளிறிவிடும். கொலட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சையின் வேலை அது. கார்பென்டசிம் அடிக்கிறோம். அந்த மருந்து பூஞ்சையின் பீட்டா டியூபுலின் புரதத்தில் போய் ஒட்டி, செல் பிரியவிடாமல் தடுக்கும். புரதத்தின் 198ஆம் இடத்தில் குளுட்டமிக் அமிலம் அலனைனாக மாறிவிட்டால் மருந்து ஒட்டாது. எத்தனை டேங்க் அடித்தாலும் வீண்தான்.

ஒட்டுகிறதா என்று அளப்பது உயிர் இயற்பியல்: மருந்து சேர்த்ததும் புரதத்தின் ஒளிர்வு எவ்வளவு குறைகிறது, எந்தச் சூட்டில் அது குலைகிறது, எக்ஸ் கதிரில் வடிவம் என்ன. அந்த வடிவம் சரிதானா என்று உலகமே இன்றும் சோதிப்பது, 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு தந்த வரைபடத்தை வைத்து! எனக்கு அதில் அவ்வளவு பெருமை. பெரம்பலூர், அரியலூர் கல்லூரிப் பிள்ளைகள் நம்ம வயல் பூஞ்சையையே எடுத்து இப்படிச் சோதிக்கணும். மருந்துக்கடையில் அடுத்த டப்பா வாங்குமுன் விவசாயிக்குப் பதில் தெரியணும்.