சோழவரம் ஓடுதளத்தில் சீறிய கார்கள்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று தமிழ்நாட்டுக் கார் பந்தயத்தின் தாய்வீடாக விளங்கியது. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. வெளிநாட்டு ரேஸ் கார்களும் வந்தன. ஆனாலும் சோழவரத்தின் உண்மையான அழகு ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு போன்ற வீட்டுக் கார்கள்தான். பின்சீட்டைக் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினை முறுக்கேற்றிக் களத்தில் இறக்குவார்கள்.

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயமும் இப்படி வீட்டுக் கார்களில் பிறந்ததே. 1950-இல் டார்லிங்டனில் நடந்த முதல் 500 மைல் பந்தயத்தில் 75 கார்கள் ஓடின. வேகமான கார்களுக்கு டயர் வெடித்துக்கொண்டே இருந்தது. கெட்டியான டயர் மாட்டிய ஜானி மான்ட்ஸின் பிளிமத் நிதானமாக ஓடியே வென்றது. ஆறு மணி நேரத்துக்கு மேல் நீண்ட ஓட்டம் அது! நெடுந்தூரத்தில் வேகத்தைவிடத் தாக்குப்பிடிப்பதே பெரிது.

1990-இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் அமைந்ததும் சோழவரத்துப் பந்தயங்கள் அங்கே இடம்பெயர்ந்தன. பின்னர் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் அமெரிக்கக் களத்துக்கே போனார்: கோவையின் பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில்லில், ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் டிரக் பந்தயத்தில் களமிறங்கினார். நாஸ்கார் போட்டிகளில் இறங்கிய முதல் இந்தியர் அவரே.