கறுப்புக்கு ஆரஞ்சு எடுக்காதா?

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் பிறந்துவிட்டால் போதும், பெண்கள் இதழ்களும் துணி விளம்பரங்களும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடும். இது இலையுதிர்காலம், ஆரஞ்சு அணியுங்கள் என்று. ஆரஞ்சு நிறக் கம்பளிச் சட்டை, துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் நீண்ட மேலங்கி, பூசணிப்பழ நிறத்தில் கழுத்துத் துண்டு, பழுப்பு நிறத் தோல் காலணி எனப் பட்டியல் நீளும். அந்த விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வியர்வையைத் துடைத்துக்கொள்வது நம் நாட்டு மாணவியின் வழக்கம்.

நானோ பொந்தியான்காரி. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையான தஞ்சோங் பியாய் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.5 பாகை தூரந்தான். ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரம், இரவு 12 மணி நேரம். வித்தியாசம் சில நிமிடங்களே. எந்த மாதம் பார்த்தாலும் தென்னை தென்னையாகவும் செம்பனை செம்பனையாகவும் பச்சையாகவே நிற்கும். அப்படியானால் இலையுதிர்காலத்து ஆரஞ்சுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு என்பதுதான் என் கட்சி. அதுவும் மேற்கத்தியரிடம் கடன் வாங்காத தொடர்பு.

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தமிழ்ப்பள்ளியிலேயே மனனம் செய்திருக்கிறோம். இந்த ஆறில் இலையுதிர்காலம் என்ற பெயரே கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்காலம். மழையும் வாடையும் சேர்ந்த பொழுது. ஆனால், அந்த ஐப்பசியில்தான் தீபாவளி வருகிறது. வட நாடுகளில் மேப்பிள் மரம் சிவக்கும் அதே அக்டோபரில்தான் நாம் ஜொகூர் பாருவின் உங்கு புவான் சாலையிலும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு புதுத்துணிக்கு அலைகிறோம். ஆக, அவர்களுக்கு இலை மாறும் காலம். நமக்குத் துணி மாறும் காலம்.

உண்மையைச் சொன்னால், இலை மாறும் காலமும் நம் மண்ணில் ஒன்று உண்டு. அதைக் கண்டவர்கள் நம் தோட்டத்துப் பாட்டிகள். ரப்பர் மரம் அமேசான் காட்டிலிருந்து வந்த மரம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வறட்சி தலைகாட்டும்போது அதன் இலைகள் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, செம்பழுப்பாகி உதிர்ந்துவிடும். சில வாரம் காடே மொட்டையாக நிற்கும். பின்பு செம்பு நிறத்தில் தளிர் விடும். என் பாட்டி பொந்தியான் பக்கத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். “காலடியில கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கும் கண்ணு. ஆனா அந்த மாசத்துல மங்குல பால் இருக்காது, கையில காசு இருக்காது” என்பார். வெள்ளைக்காரர் படம் பிடித்து மாட்டிவைக்கும் அழகு, பாட்டிக்கு அரிசிப் பானையைத் தட்டிப் பார்க்கும் காலமாக இருந்திருக்கிறது.

இலை ஏன் ஆரஞ்சாகிறது? இலையில் இருக்கும் பச்சையம் சிதையும்போது அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் வெளியே தெரிகின்றன. இதே குடும்பத்து நிறமிதான் நம் செம்பனைப் பழத்துக்கும் ஆரஞ்சைக் கொடுக்கிறது. சுத்திகரிக்காத செம்பனை எண்ணெய் செக்கச்செவேலென்று இருப்பதும் அதனால்தான். லாரி லாரியாக எங்கள் சாலையில் போகிற செம்பனைக் குலைகளைப் பார்க்கும்போதெல்லாம், கனடாவின் இலையுதிர்காலம் இங்கே லாரியில் போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆரஞ்சு என்ற சொல்லின் கதையும் சுவையானது. தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரங்ஙா, வடமொழியில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ் என்று அந்தச் சொல் கடல் கடந்து போய் ஐரோப்பாவை அடைந்தது. அதன் வேர் திராவிட மொழிகளில் இருக்கிறது என்பது மொழியறிஞர்கள் பலரின் கருத்து. ஆங்கிலேயர்கள் அதை ஒரு நிறத்தின் பெயராக எழுதத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். நம் வீட்டுச் சொல்தான் ஊர் சுற்றிவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

சொல் போகட்டும், நிறம் நம் வீட்டை விட்டு என்றுமே போகவில்லை. பண்டிகைக்கு முதல்நாள் வைத்த மருதாணி விடிந்ததும் உள்ளங்கையில் முதலில் ஆரஞ்சாகத்தான் பிடிக்கும். ஓரிரு நாளில்தான் செம்பழுப்பாக அடரும். பவள மணி அந்த நிறம். தைப்பூசத்தன்று காவடி தூக்குவோரின் மஞ்சளுக்கும் காவிக்கும் நடுவே நிற்பது அந்த நிறம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கனகாம்பரம். மல்லிகையைப் போல மணக்காது. நிறம் ஒன்றை நம்பியே கூந்தலில் ஏறிய பூ அது. புடவைக் கடைகளில் ‘கனகாம்பரக் கலர்’ என்று கேட்டால் இன்றும் எடுத்துப் போடுவார்கள். பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமும் கொடுத்து நெய்வது பட்டு நெசவாளர்களின் கைவண்ணம். சிவப்பு நூலும் மஞ்சள் நூலும் அப்படிக் கூடும்போது, அசைய அசைய ஆரஞ்சு மின்னும்.

1967இல் என் பாட்டி கல்யாணத்துக்குக் கட்டியது கனகாம்பர நிறச் சேலை. எங்களிடம் இருப்பது கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அந்த நிறத்தை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாட்டி நல்ல கறுப்பு. வெயிலில் நின்று இன்னும் கறுத்தவர். “யாரும் ஒண்ணும் சொல்லலையா பாட்டி?” என்று ஒருமுறை கேட்டேன். “என்னா சொல்றது? கண்ணாலப் பொண்ணு பளிச்சுனு இருக்க வேணாமா?” என்று திருப்பிக் கேட்டார்.

பாட்டியின் மகளான என் அம்மாவிடம் ஓர் ஆரஞ்சுச் சேலைகூட இல்லை. அலமாரியைத் திறந்தால் சந்தனம், வெளிர் நீலம், வெளிர் ரோசா, சாம்பல். அம்மாவும் பாட்டியின் நிறந்தான். அவருடைய இளமைக் காலத்தில் அத்தைமாரும் அக்கம்பக்கத்தாரும் அக்கறையோடு சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு: “கறுப்புக்கு ஆரஞ்சு எடுக்காது.” முதன்முதலில் அதை யார் சொன்னார் என்று அம்மாவுக்கு நினைவில்லை. எல்லாரும் சொல்லும் பேச்சுக்குத் தனியாக ஒரு வாய் இருப்பதில்லையே!

இரு தலைமுறைக்கு நடுவில் என்ன நடந்தது? முழு விடை சொல்ல நான் ஆய்வாளர் அல்லள். என்றாலும், முகத்தைச் சிவப்பாக்குகிறேன் என்று சொல்லிய களிம்புகள் வீடு வீடாக நுழைந்த காலம் அது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ இந்தியாவில் 1975இல் விற்பனைக்கு வந்தது. பல ஆண்டு எதிர்ப்புக்குப் பின்னர் 2020இல்தான் அந்தப் பெயரிலிருந்து ‘ஃபேர்’ நீக்கப்பட்டு ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. இடையில் 2009இல் சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதற்குக் குரல் கொடுத்த பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. டப்பாவில் பெயர் மாறிவிட்டது. வாயில் வரும் பேச்சு மாறிவிட்டதா?

சென்ற தீபாவளிக்குத் துணி எடுக்கச் சித்தி குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். சித்தி மகளுக்கு வயது பத்து. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. நல்ல செம்மஞ்சள் நிறத்தில், கரும்பச்சைக் கரை வைத்த பஞ்சாபி சூட் ஒன்றை அவள் கை தானாகவே தொட்டுப் பார்த்தது. “எடுத்துப் போட்டுப் பாரும்மா” என்றேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“வேணாங்கா. நான் கறுப்பு. ஆரஞ்சு போட்டா இன்னும் கறுப்பா தெரிவேன்.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான்.”

கடையில் துணி எடுத்துக் காட்டிய அக்காவும் விட்டுவைக்கவில்லை. “பாப்பாவுக்கு லைட் கலர் காட்டறேன், அதான் எடுக்கும்” என்று சந்தன நிறத்தை விரித்தார். சித்தப்பா அதற்கே பணம் கட்டினார். வெளியே வரும்போது அவள் ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அன்று இரவு முழுவதும் அந்த ‘எடுக்காது’ என்ற சொல்லையே புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறங்களைப் பற்றிச் சிறிது படித்தவர்களுக்கும் தெரியும்: அடர்ந்த நிறத்தின் அருகில் ஒளிமிக்க நிறத்தை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். கருங்கல் சிலைக்குச் செவ்வந்தி மாலை சாத்திப் பாருங்கள், மாலையும் மின்னும், கல்லும் மின்னும். கறுத்த மேனியில் ஆரஞ்சு செய்வதும் இதையேதான். அப்படியென்றால் ‘எடுக்காது’ என்பது உண்மையல்ல. நன்றாகவே எடுக்கும். எடுத்துக் காட்டும் என்பதுதான் அவர்களுக்குச் சிக்கல். கறுப்பு கண்ணில் படக்கூடாது, கூட்டத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும், வெளிர் நிறத்துக்குள் அடங்கிப் போக வேண்டும். அந்த அறிவுரைக்குள் இருப்பது அழகு பற்றிய கவலை அன்று. மறைத்து வைக்கும் ஆசை. ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்று பழமொழி சொல்லிவிட்டு, பெண் பார்க்கப் போகும்போது மட்டும் நிறம் கேட்கும் சமுதாயம் அல்லவா நாம்?

சரி, எப்படி அணிவது? இந்த ஓராண்டாக நான் அணிந்து பார்த்துக் கற்றவற்றைத் தோழியருக்குச் சொல்கிறேன்.

முதலில், இலையுதிர்காலத்திடம் நிறத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், துணியை வாங்காதீர்கள். கம்பளியும் தோல் காலணியும் பொந்தியானில் தண்டனை. பருத்தியே நமக்கு உற்ற தோழி. ஒரே நிற மெல்லிய துணியில் வியர்வை நனைவு பளிச்சென்று தெரியும். கட்டமோ பூவேலையோ இருந்தால் தெரியாது.

இரண்டாவது, ஆரஞ்சு ஒரு நிறம் அன்று, ஒரு குடும்பம். செங்கல், துரு, மாம்பழம், கனகாம்பரம், காவி என எத்தனையோ உண்டு. தயக்கம் உள்ளவர்கள் செங்கல் நிறத்திலிருந்து தொடங்கலாம். துணிவு வந்ததும் கனகாம்பரத்துக்கு ஏறலாம்.

மூன்றாவது, இணை. நிறச் சக்கரத்தில் ஆரஞ்சுக்கு நேர் எதிரே இருப்பது நீலம். ஆகவே கருநீலக் காற்சட்டைக்கு மேல் ஆரஞ்சுக் குர்தா தவறாது. வகுப்புக்கும் போகலாம், நேர்காணலுக்கும் போகலாம். கரும்பச்சை, அரக்கு, வெண்சந்தனம் ஆகியவையும் பொருந்தும். தலை முதல் கால் வரை ஒரே ஆரஞ்சாகப் போட்டால் மட்டும், “ஊழல் தடுப்பு ஆணையம் எப்போது பிடித்தது?” என்று விடுதியில் கேட்பார்கள். ஆணையத்தின் தடுப்புக்காவல் சட்டை அந்த நிறம் என்பதை நாளிதழ் படிப்போர் அறிவர்.

நான்காவது, அணிகலன். ஆரஞ்சோடு மஞ்சள் பொன் இழைந்து போகும். கறுத்த வெள்ளி எதிர்த்து நின்று அழகு தரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு இழுபறி வேண்டாம். முழு ஆடைக்கு மனம் வரவில்லையா? ஒரு பவளத் தோடு, ஒரு துப்பட்டா, ஒரு சரம் கனகாம்பரம் போதும். சிறிய இலையுதிர்காலம் காதோரத்தில் நிற்கும். ஆடவர்களுக்கும் சொல்கிறேன்: தீபாவளி ஜிப்பாவைச் செங்கல் நிறத்தில் ஒருமுறை தைத்துப் பாருங்கள்.

கடந்த ஆண்டு பல்கலைக்கழகத் தீபாவளி இரவுக்கு நான் கனகாம்பர நிறச் சேலை கட்டினேன். பாட்டியின் சேலை எப்போதோ நைந்து போய்விட்டது. இது புதிதாக வாங்கியது. நானும் பாட்டியின் நிறந்தான். படத்தை அம்மாவுக்கும் சித்தி மகளுக்கும் அனுப்பினேன். அம்மா நீண்ட நேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு, “அம்மாச்சி மாதிரியே இருக்கே” என்று எழுதினார். அது பாராட்டா ஏக்கமா என்று நான் கேட்கவில்லை.

சித்தி மகள் உடனே பதில் போட்டாள்: “அக்கா, உங்களுக்கு நல்லா எடுக்குது. எனக்கும் எடுக்குமா?”

எடுக்கும் என்று நான் எழுதிவிட்டேன். ஆனால், ஒருத்தி சொல்லி அவள் நம்பிவிடுவாளா? எடுக்காது என்று அவளுக்குச் சொல்லியிருப்பது எல்லாருமாயிற்றே! ஆகவே எடுக்கும் என்பதையும் எல்லாருமே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மலரைப் படிக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் வீட்டிலும் ஒரு சிறுமி இருப்பாள். வரும் ஐப்பசியில் அவளைத் துணிக்கடைக்கு அழைத்துப் போவீர்கள். அவள் கை எந்த நிறத்தைத் தொடுகிறதோ அதற்குப் பணம் கட்டுங்கள்.