முகம் தெரியாத கூட்டாளிகள்

மதுரைத் திட்டம் என்று பெயரே தவிர, அதில் உழைத்தவர்கள் பல தேசங்களில் இருந்தார்கள். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. பழைய தமிழ் நூல்களைக் கணினியில் தட்டச்சு செய்து எல்லோருக்கும் இலவசமாகத் தருவதுதான் வேலை. சம்பளம் கிடையாது, மேஸ்திரியும் கிடையாது. பிறகு எதற்காகச் செய்தார்கள்?

ரிடையர் ஆன பிறகுதான் அந்த நூல்களைப் படிக்க ஆரம்பித்தேன். ஆரம்பத்திலேயே தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைப் போட்டு நன்றி சொல்லியிருப்பார்கள். பெயர் ஆசைதானே என்பீர்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே! எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த மெய்ப்புதான். ராத்திரி கண் விழித்து அடித்ததை எங்கோ ஒருவர் எழுத்தெழுத்தாகப் படித்துத் திருத்துகிறார். பார்த்தே இராவிட்டாலும் கூட்டாளிதானே.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறையில் நேர்மாறு. மூத்த டர்னர் ஒருவர், சிக்கலான வேலைகளின் அளவுகளை ஒரு சின்ன நோட்டில் எழுதிச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். பக்கத்து லேத்தில் நின்ற எனக்குக்கூடக் காட்டியதில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நோட்டு கையில் இருக்கும்வரைதான் தனக்கு மரியாதை என்று நினைத்தார். நிர்வாகமும் அப்படித்தான் நடத்தியது. அவர் ரிடையர் ஆனார், நோட்டும் கூடவே போயிற்று. அடுத்த மாதம் வந்த ஒரு வேலையில் நாங்கள் வீணாக்கிய இரும்பு கொஞ்சநஞ்சமல்ல.

"உங்கள் பெயரைப் போட்டே பட்டறைச் சுவரில் ஒட்டுகிறோம், கொடுங்கள் அண்ணே" என்று யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. யாரும் கேட்கவில்லை.