மூன்றாவது குட்டி

ஐப்பசி அடைமழை. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமம். சாயங்காலமே மின்சாரம் போய்விட்டது. ராத்திரி எட்டு மணிக்குக் கொட்டகைக்குள் அரிக்கேன் விளக்கோடு போன மருமகள், கன்னி ஆடு மூன்று குட்டி போட்டிருப்பதைப் பார்த்தாள். இரண்டு குட்டிகள் எழுந்து மடியைத் தேடிக்கொண்டிருந்தன. மூன்றாவது, ஒழுகிய மழைத் தண்ணீரில் நனைந்து, கழுத்து துவண்டு கிடந்தது. தாய் அதை நக்கக்கூட இல்லை.

ஆட்டுக்குக் காம்பு இரண்டுதான். மூன்று குட்டி போட்டால், இளைத்த குட்டி ஒதுக்கப்பட்டுவிடும். அதை எடுத்துப் பிழைக்க வைப்பது வீட்டு ஆட்களின் வேலை.

அந்த வீட்டில் வெள்ளாடு நான்குதான். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறான். மகளின் படிப்புச் செலவுக்குக் கிடா விற்ற காசுதான் கைகொடுக்கிறது. ஒரு குட்டி போனாலும் அந்தக் கணக்கில் துண்டு விழும்.

மாமியார் குட்டியைப் பார்த்ததும், “ஏ தாயி, சீக்கிரம் சீம்பாலைப் பீய்ச்சு. பாலாடையை எடுத்தா, ரெண்டு மடக்கு உள்ள போனா எந்திரிச்சிரும்” என்றார்.

மருமகள் அசையவில்லை. போன வருஷமும் இதே மாதிரி ஒரு மழை ராத்திரி. பால் பீய்ச்சிக் கொடுத்தது அவள். குட்டியின் தலையை அண்ணாந்து பிடித்துப் பாலாடையால் ஊற்றியது மாமியார். கொஞ்ச நேரத்தில் குட்டியின் மூக்கில் பால் நுரை தள்ளியது; விடியுமுன் செத்துப்போனது. “மருமக கைராசி, பால் சேரலை” என்று மாமியார் தெருவில் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் பதில் பேசியதில்லை. ஆனால் மறுநாளே கால்நடை மருந்தகத்துக்குப் போய், ஏன் செத்தது என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

டாக்டர் சொன்னது இதுதான்: உடம்பு சில்லிட்ட குட்டிக்கு விழுங்கும் தெம்பு இருக்காது. தலையைத் தூக்கி ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போகும். வயிற்றுக்கே போனாலும் குளிர்ந்த குடலில் செரிக்காது. முதலில் சூடு, அப்புறம்தான் பால்.

“அத்தே, பால் இப்ப வேண்டாம். மொதல்ல வாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்க.”

மாமியார் விரலை விட்டுப் பார்த்தார். கிணற்றுக் கல்லைத் தொட்டது போல் இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் பார்க்க வாங்கிய தெர்மாமீட்டரை மருமகள் குட்டியின் ஆசனவாயில் வைத்தாள். நல்ல குட்டிக்கு 102, 103 டிகிரி இருக்க வேண்டும். இதற்கு 96தான் இருந்தது.

பழைய பருத்தி வேட்டியால் ஈரம் போகத் துடைத்தார்கள். சாக்கால் முதுகையும் விலாவையும் தேய்த்தார்கள். மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை வழித்தார்கள். குளிர்பான பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கமும் வைத்தார்கள். மாமியார் கங்குச் சட்டியைக் கொண்டுவந்தார். “புகை நெஞ்சுல கட்டிரும் அத்தே” என்று மருமகள் சொன்னதும், மறுபேச்சில்லாமல் அதை வெளியே வைத்துவிட்டு, குட்டியை மடியில் போட்டுச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். பாட்டில் ஆற ஆற, பத்து வயது மகள் அடுப்பிலிருந்து வெந்நீர் மாற்றினாள்.

குட்டி பிறந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதனால் சூடு மட்டுமே போதுமாக இருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் பால் குடிக்காமல் சில்லிட்டுக் கிடந்தால், உடம்பில் சர்க்கரை தீர்ந்திருக்கும். அப்போது சூடு காட்டும் முன்பே மருத்துவர் குளுக்கோஸ் ஊசி போட வேண்டியிருக்கும்.

பத்தரை மணிக்குத் தெர்மாமீட்டர் 100 காட்டியது. குட்டி தலையைத் தூக்கியது. விரலை வைத்தால் சப்பியது. அதன் பிறகுதான் மருமகள் தாயிடம் சீம்பால் பீய்ச்சினாள். சூடு ஆறுவதற்குள் ரப்பர் காம்பு போட்ட பாட்டிலில் ஊற்றி, குட்டியை நிற்க வைத்து, தாய் மடியில் குடிக்கும் வாக்கிலேயே கொடுத்தாள். முதல் தடவை 40 மில்லி. அப்புறம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒன்றரைக் கிலோ குட்டிக்கு முதல் நாளில் குறைந்தது 150 மில்லி சீம்பால் போக வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து வருவதில்லை; சீம்பாலில்தான் வருகிறது. ஒரு நாள் கழிந்தால் குடல் அதை ஏற்காது. தொப்புள்கொடியில் டிங்ச்சர் அயோடின் தடவினார்கள். மூன்று பேரும் அன்று தூங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் குட்டி கழிந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே மறையவில்லை. உடம்பில் நீர் வற்றியதற்கு அதுதான் அடையாளம். விசாரித்ததில், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், பாசத்தில் தினமும் ஒரு பாட்டில் பால் கூடுதலாகக் கொடுத்திருந்தது தெரிந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பாலோடு கலக்காமல், இரண்டு வேளைப் பாலுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். காலையில் குட்டியையும் கழிசலில் கொஞ்சத்தையும் எடுத்துக்கொண்டு மருந்தகம் போனார்கள். சோதித்துப் பார்த்த டாக்டர், “பால்தான் அதிகம். அளவைக் குறைச்சு, வேளையைக் கூட்டுங்க” என்றார். மூன்றாம் நாள் புழுக்கை கட்டியது. அதற்குப் பிறகு, எத்தனை மணிக்கு எவ்வளவு பால் என்று மகள் பழைய நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தாள்.

தை மாதம். கூடப்பிறந்த இரண்டைவிட மூன்றாவது குட்டி ஒரு சாண் குட்டைதான். ஆனால் முதலில் வேலியைத் தாண்டுவது அதுதான்.

ஒரு பனிக்காலை, பக்கத்து வீட்டுப் பெண் துவண்டுபோன குட்டி ஒன்றை ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். மற்ற கையில் பாலாடை. மாமியார் பாலாடையை வாங்கித் திண்ணையில் கவிழ்த்து வைத்தார்.

“மொதல்ல வாய்க்குள்ள விரலை வச்சுப் பாரு. சில்லுன்னு இருந்தா பாலைக் காட்டாத. துடை, சூடு பண்ணு.”

“உங்க மருமக பீய்ச்சின பால் சேராமத்தான் போன வருசம் குட்டி செத்துச்சுன்னு சொன்னீங்களே அத்தே?”

மாமியார் குட்டியை வாங்கி மடியில் போட்டுத் துடைக்க ஆரம்பித்தார்.

“பால்ல ஒண்ணுமில்ல. குளுந்து கெடந்த குட்டிக்கு ஊத்துனது நான்தான்” என்றார். பிறகு உள்ளே திரும்பி, “தாயி, வெந்நி வை” என்று குரல் கொடுத்தார்.

உள்ளே மருமகள் ஏற்கெனவே அடுப்பைப் பற்றவைத்திருந்தாள்.